ரிசர்வ் பேங்க் வட்டியை அசைச்சா மார்க்கெட்ல எது எது அசையும்: கரெக்‌ஷனையும் செக்டர் ரொட்டேஷனையும் படிக்க ஒரு முழு வழிகாட்டி

2022 மே 4, மத்தியானம். சாப்பிட்டு வந்து ஃபோனை எடுத்துப் பாக்குறேன், காலையில நல்லாத்தான் இருந்த போர்ட்ஃபோலியோ முழுக்க செவசெவன்னு கிடக்கு. எல்ஐசி ஐபிஓ ஓபன் ஆன நாள் அது, வாட்ஸ்அப் குரூப்ல காலையிலேர்ந்து அந்தப் பேச்சுதான் ஓடிட்டு இருந்துச்சு. மீட்டிங்னு எதுவும் அறிவிக்காத அந்த நாள்ல அப்போ ரிசர்வ் பேங்க் (ஆர்பிஐ) கவர்னரா இருந்த சக்திகாந்த தாஸ் திடீர்னு வீடியோவுல வந்து, ரெப்போவ 4%லேர்ந்து 4.40%க்கு ஏத்திட்டோம், சிஆர்ஆரையும் அரை சதவீதம் ஏத்துறோம்னு சொல்லிட்டுப் போயிட்டார் (ரெப்போ, சிஆர்ஆர்னா என்னன்னு ஸ்டெப் 1ல சொல்றேன்). சென்செக்ஸ் அன்னைக்கு 1,300 பாயின்ட்டுக்கு மேல காலி.

நான் என்ன பண்ணேன்னா, வட்டி ஏறுனா பேங்க் செத்துச்சுன்னு நினைச்சு கையில இருந்த பேங்க் பங்கையெல்லாம் வித்துட்டு, ஐடி எப்பவும் சேஃப்னு ஐடியில போட்டேன். அந்த வருஷக் கடைசியில பாத்தா நிஃப்டி ஐடி இண்டெக்ஸ் கிட்டத்தட்ட 26% இறங்கியிருக்கு, பொதுத்துறை பேங்க் இண்டெக்ஸ் 70% கிட்ட ஏறியிருக்கு. செய்தியைச் சரியாத்தான் படிச்சேன், அந்த வட்டி யாரோட கணக்குல எப்போ போய் உக்காரும்ங்கிறதைத் தப்பாப் படிச்சேன். அதுக்கப்புறம் உக்காந்து கத்துக்கிட்டதைத்தான் இங்க ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன். இதுல பங்கு டிப்ஸ் எதுவும் கிடையாது, முதல்லயே சொல்லிடுறேன்.

ஸ்டெப் 1: எந்தக் குழாயைத் திருகுறாங்கன்னு பிரிச்சுப் பாருங்க

நியூஸ் சேனல்ல ரெப்போ ரெப்போன்னு ஒண்ணையே கத்துவாங்க. ஆனா ஆர்பிஐ கையில குழாய் நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் வேற வேற வயலுக்குத் தண்ணி விடுது.

ரெப்போங்கிறது பேங்க்குகள் ஆர்பிஐகிட்ட ஷார்ட் டெர்முக்கு வாங்குற கடனோட வட்டி, இது பணத்தோட விலை. சிஆர்ஆர்ங்கிறது பேங்க் வாங்குற டெபாசிட்ல ஒரு பங்கை வட்டியே இல்லாம ஆர்பிஐகிட்ட முடக்கி வைக்கணும்ங்கிற கட்டாயம், இது பணத்தோட அளவு. 2025 ஜூன் 6ஆம் தேதி சிஆர்ஆரை 4%லேர்ந்து 3%க்கு நாலு தவணையா குறைக்கிறோம்னு சொன்னப்ப சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய் பேங்க்குகள் கைக்குத் திரும்பும்னு கணக்கு. வட்டியே சம்பாதிக்காம தூங்கிட்டு இருந்த காசு அது, கடனாப் போனா நேரா லாபத்துல சேரும்.

மூணாவது குழாய் லிக்விடிட்டி, அதாவது பேங்க் சிஸ்டத்துல புழங்குற பணம். ஆர்பிஐ மார்க்கெட்ல கவர்மென்ட் பாண்ட் வாங்குனா சிஸ்டத்துக்குள்ள ரூபாய் வரும், வித்தா உறிஞ்சும். டாலர் கதையும் இதேதான்: ரூபாயைக் காப்பாத்த டாலரை வித்தாங்கன்னா, அதுக்குப் பதிலா ரூபாய் ஆர்பிஐ உள்ள போயிடும், பேங்க்குகள்கிட்ட காசு வத்திடும். இதை ரொம்பப் பேர் கவனிக்கிறதே இல்ல, 2024 கடைசியில நடந்த கூத்துல பாதி இதுதான், பின்னாடி வர்றேன்.

நாலாவது, விதிமுறை. ரெப்போ அசையவே அசையாது, ஆனா ஒரு சர்க்குலர் ஒரு செக்டரையே போட்டுத் தள்ளிடும். 2023 நவம்பர் 16 சாயங்காலம் பர்சனல் லோன், கிரெடிட் கார்டு மாதிரி அடமானம் இல்லாத கடனுக்கு ரிஸ்க் வெயிட்டை (அந்தக் கடனுக்கு எவ்வளவு சொந்த மூலதனம் ஒதுக்கணும்ங்கிற கணக்கை) 25 பர்சன்டேஜ் பாயின்ட் ஏத்துனாங்க, பேங்க்குகள் என்பிஎஃப்சிகளுக்கு (பேங்க் அல்லாத கடன் கம்பெனிகளுக்கு) கொடுக்குற கடனுக்கும் ஏத்துனாங்க. அப்போ ரெப்போ 6.50%ல அசையாம நின்னுட்டு இருந்துச்சு. மறுநாள் காலையில கார்டு கம்பெனி, என்பிஎஃப்சி, பர்சனல் லோன் அதிகமா வச்சிருந்த பேங்க் எல்லாம் அடி வாங்குச்சு. 2025 பிப்ரவரி கடைசியில என்பிஎஃப்சி கடனுக்கான அந்த ஏத்தத்தைத் திரும்ப எடுத்தாங்க. அப்போ மார்க்கெட்டே மோசமா இருந்ததால நிறையப் பேர் கண்ணுல அது படவே இல்ல.

நகைக்கடன் கதை நம்ம ஊர்க்காரங்களுக்கு நல்லாத் தெரியும். 2025 ஏப்ரல் 9 ஆர்பிஐ பாலிசி அறிவிப்புல வட்டி குறைஞ்சுச்சு, ஆனா நகைக்கடனுக்குப் புது விதி வருதுன்னு அதே நாள் சொன்னதுல கோல்டு லோன் கம்பெனி பங்குகள் சரிஞ்சுச்சு. டிராஃப்ட் விதி வெளிவந்ததும் தமிழ்நாட்டுல பெரிய எதிர்ப்பு, முதலமைச்சர் கடிதம் எழுதுற வரைக்கும் போச்சு. ஜூன் 6ஆம் தேதி, 2.5 லட்சம் வரைக்குமான கடனுக்கு நகை மதிப்புல 85% வரை கொடுக்கலாம்னு தளர்த்துனதும் அதே பங்குகள் துள்ளிச்சு. வட்டி ரெண்டு தடவையும் குறைஞ்ச நாள்தான், ஒரு தடவை விழுந்துச்சு ஒரு தடவை ஏறுச்சு. அதனால பாலிசி நாள்ல ரெப்போ நம்பரோட டிவியை ஆஃப் பண்ணாதீங்க, கூடவே வர்ற விதிமுறை அறிவிப்பை முழுசாப் படிங்க.

கடைசியா ஸ்டான்ஸ், அதாவது அடுத்து எந்தப் பக்கம் போவோம்னு கொடுக்குற சாடை. 2024 அக்டோபர்ல நியூட்ரல் (எந்தப் பக்கமும் போகலாம்)னு மாத்துனாங்க, 2025 ஏப்ரல்ல அக்காமடேட்டிவ் (குறைக்கிற பக்கம்), ஜூன்ல அரை சதவீதம் குறைச்ச கையோட திரும்ப நியூட்ரல். குறைக்கிறதையும் குறைச்சுட்டு, இனி சீக்கிரம் எதிர்பார்க்காதீங்கன்னும் சொல்லிட்டாங்க. அந்த ஒரு வார்த்தையால பாண்ட் மார்க்கெட் அன்னைக்கு முழுசா சந்தோஷப்படல, பங்கு மார்க்கெட் ஆட்டம் போட்டுச்சு.

ஸ்டெப் 2: முன்னாடியே எவ்வளவு எதிர்பார்த்திருந்தாங்கன்னு பாருங்க

கல்யாணத்துக்கு வர்றவங்க எண்ணிக்கை முன்னாடியே தெரிஞ்சா சமையல்காரருக்கு டென்ஷன் கிடையாது, கூட ஐம்பது பேர் வந்து நின்னாத்தான் பிரச்சனை. மார்க்கெட்டும் அப்படித்தான், எதிர்பார்த்தது நடந்தா விலை பெருசா அசையாது.

2025 பிப்ரவரி 7, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் முதல் வட்டிக் குறைப்பு, சஞ்சய் மல்ஹோத்ரா கவர்னரா வந்து நடத்துன முதல் மீட்டிங். கால் சதவீதம் குறைச்சாங்க. எல்லாரும் எதிர்பார்த்ததுதான், அதனால நிஃப்டி அன்னைக்கு லேசா இறக்கத்துலதான் முடிஞ்சுச்சு. ஜூன் 6ஆம் தேதி கால் சதவீதம்னு பெரும்பாலானவங்க எதிர்பார்த்த இடத்துல அரை சதவீதம், மேல சிஆர்ஆர் போனஸ். சென்செக்ஸ் 700 பாயின்ட்டுக்கு மேல ஏறுச்சு, பேங்க் நிஃப்டி புது உச்சம்.

எதிர்பார்ப்பை எப்படி அளக்குறது? நம்மள மாதிரி ஆளுக்கு சுலபமான வழி 10 வருஷ கவர்மென்ட் பாண்ட் யீல்டு, அதாவது இன்னைய விலையில வாங்குனா அந்தப் பாண்ட் கொடுக்குற வருமான சதவீதம் (பாண்ட் விலை ஏறுனா இது இறங்கும்). பாலிசிக்கு முந்தின மூணு வாரம் அது எந்தப் பக்கம் போயிட்டு இருக்குன்னு பாருங்க. ஏற்கனவே நல்லா இறங்கியிருந்தா குறைப்பு விலையில ஏறிடுச்சுன்னு அர்த்தம். பாலிசி அன்னைக்கு ரெப்போ குறைஞ்சும் யீல்டு ஏறுச்சுன்னா பாண்ட்காரங்க அந்தப் பேச்சுல ஏதோ பிடிக்காததைக் கேட்டிருக்காங்க, அவங்க எப்பவும் நம்மளவிடக் கவனமாக் கேக்குறவங்க.

ஸ்டெப் 3: கரெக்‌ஷன் எந்த வழியா வருதுன்னு கண்டுபிடிங்க

உச்சத்துலேர்ந்து 10% இறங்குனா கரெக்‌ஷன், 20% தாண்டுனா பேர் மார்க்கெட் (கரடிச் சந்தை), பேரு இவ்வளவுதான். ஆனா எதனால இறங்குதுங்கிறதைப் பொறுத்துத்தான் எந்த செக்டர் தப்பிக்கும்னு சொல்ல முடியும். மத்திய வங்கி வழியா வர்ற இறக்கத்துக்கு எனக்குத் தெரிஞ்சு மூணு பாதை இருக்கு.

முதல் பாதை வேல்யுவேஷன், அதாவது பங்குக்கு என்ன மதிப்பு போடுறோம்ங்கிறது. இதுக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாத்துருவோம். ஒரு கம்பெனி வருஷா வருஷம் 100 ரூபாய் கொடுக்குது, வளர்ச்சியே கிடையாது, நீங்க 12% வருமானம் எதிர்பார்க்குறீங்க. அதோட மதிப்பு 100ஐ 0.12ஆல வகுத்தா 833 ரூபாய். வட்டி ஏறி நீங்க 13% கேக்குறீங்கன்னா 769, அதாவது 8% கிட்ட இறக்கம். இப்ப அதே கம்பெனி வருஷம் 8% வளருதுன்னு வைங்க. 12லேர்ந்து 8ஐக் கழிச்சா 4, மதிப்பு 2,500. எதிர்பார்ப்பு 13 ஆனா கழிச்சது 5, மதிப்பு 2,000. அதே ஒரு சதவீத வட்டிதான், இங்க 20% அடி! தூரத்துல வரப்போற லாபத்துக்கு இன்னைக்கே காசு கொடுத்து வாங்குன பங்கு எதுவா இருந்தாலும் வட்டி ஏறுறப்ப முதல்ல அதுதான் விழும்ங்கிறதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். 2022ல ஐடியும், அதுக்கு முந்தின வருஷம் ஆரவாரமா லிஸ்ட் ஆன லாபம் பாக்காத இன்டர்நெட் கம்பெனிகளும் விழுந்தது இதனாலதான்.

ரெண்டாவது பாதை சம்பாத்தியம், இது மெதுவா வரும். 30 லட்சம் வீட்டுக்கடன், 20 வருஷம், 7% வட்டின்னா ஈஎம்ஐ 23,259 ரூபாய். 2022 மேலேர்ந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ 2.5% ஏறுச்சு, அது முழுசா கடன் வட்டியில சேந்தா 9.5%, ஈஎம்ஐ 27,964. மாசம் 4,700 ரூபாய் கூட. நிறைய பேங்க் ஈஎம்ஐயை ஏத்தாம வருஷத்தை நீட்டுனாங்க, அதனால வலி உடனே தெரியல. ஈஎம்ஐயே ஏறுனவங்களுக்கு அந்த 4,700 டூவீலருக்கோ டிவிக்கோ போக வேண்டிய காசு. இது கம்பெனி ரிசல்ட்ல வர மூணு நாலு காலாண்டு கூட ஆகும்.

மூணாவது பாதை வெளிநாட்டுப் பணம். இங்கதான் நம்ம ஆர்பிஐயைவிட அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் பெரிய ஆள். அங்க ரிஸ்க்கே இல்லாம 4.5% கிடைக்குதுன்னா இங்க ரூபாய் ரிஸ்க் எடுத்து வந்து உக்கார எஃப்ஐஐகாரனுக்கு (வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளருக்கு) என்ன தலையெழுத்து?

இது போக, மத்திய வங்கி தீயணைப்பு வண்டியா வர்ற நேரமும் உண்டு. 2008 அக்டோபர் 20ஆம் தேதி ரெப்போவ 9%லேர்ந்து 8%க்கு குறைச்சாங்க, ஒரே வாரத்துல சென்செக்ஸ் 8,000க்குக் கீழ போச்சு, அடுத்த ஏப்ரலுக்குள்ள ரெப்போ 4.75% வரைக்கும் வந்துச்சு, மார்க்கெட் நிஜமா எழுந்தது 2009 மார்ச்சுக்கு அப்புறம்தான். 2020ல நேர்மாறு: நிஃப்டி 7,511ல அடிமட்டம் தொட்டது மார்ச் 24, ஆர்பிஐ முக்கால் சதவீதம் குறைச்சது மார்ச் 27. ஒரு தடவை அஞ்சு மாசம் முன்னாடி, ஒரு தடவை மூணு நாள் பின்னாடி. முதல் வட்டிக் குறைப்பைப் பாத்துட்டு அடிமட்டம் வந்துருச்சுன்னு மொத்தக் காசையும் இறக்குறவங்களுக்கு இந்த ரெண்டு தேதியையும் எழுதிக் கொடுக்கலாம்.

ஸ்டெப் 4: ஒரு முழு கரெக்‌ஷனைப் பிரிச்சு மேஞ்சு பாருங்க

2024 செப்டம்பர் கடைசியிலேர்ந்து 2025 மார்ச் வரைக்கும் நடந்ததைத்தான் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் எடுத்துக்குவேன், ஏன்னா அதுல மூணு நாட்டு மத்திய வங்கியும் இருக்கு.

செப்டம்பர் 18ஆம் தேதி ஃபெட் அரை சதவீதம் குறைச்சுச்சு. எல்லாரும் வெளிநாட்டுப் பணம் கொட்டப்போகுதுன்னு குதிச்சாங்க, நிஃப்டி 27ஆம் தேதி 26,277 தொட்டுச்சு. ஆனா 24ஆம் தேதியே சீனாவோட மத்திய வங்கி வட்டியைக் குறைச்சு, பேங்க் ரிசர்வைக் குறைச்சு, பங்கு வாங்குறதுக்கே தனியா நிதி வசதி செஞ்சு தர்றேன்னு ஒரு பெரிய மூட்டையை அவிழ்த்துச்சு. அங்க பங்குகள் அடிமாட்டு விலையில கிடந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள சுமார் 25% ஏறுச்சு. இங்க விலையோ உச்சாணிக் கொம்புல. அக்டோபர் ஒரே மாசத்துல எஃப்ஐஐ இங்க கேஷ் மார்க்கெட்ல வித்தது 1 லட்சம் கோடிக்கு மேல.

அடுத்த திருப்பம் இன்னும் வினோதம். ஃபெட் நவம்பர், டிசம்பர்லயும் குறைச்சு மொத்தம் ஒரு சதவீதம் இறக்குனாங்க, ஆனா அமெரிக்க 10 வருஷ யீல்டு செப்டம்பர்ல 3.6% கிட்ட இருந்தது ஜனவரியில 4.8% வரைக்கும் ஏறுச்சு. டிரம்ப் ஜெயிச்சார், வரி போடுவார், பணவீக்கம் திரும்ப வரும், கடன் கூடும்னு பாண்ட் மார்க்கெட் தானா முடிவு பண்ணிக்கிச்சு. டாலர் பலமாச்சு, ரூபாய் 83.7லேர்ந்து பிப்ரவரியில 87 தாண்டுச்சு.

இங்கதான் ஸ்டெப் 1ல சொன்ன மூணாவது குழாய். ரூபாய் ஒரேடியா சரியாம இருக்க ஆர்பிஐ டாலரை வித்துச்சு, அந்நியச் செலாவணி கையிருப்பு 700 பில்லியன் டாலருக்கு மேல இருந்தது ஜனவரியில 630க்கும் கீழ போச்சு. அவ்வளவு டாலர் வெளிய போனா அதுக்கு ஈடான ரூபாய் உள்ள உறிஞ்சப்படும், ஜனவரியில பேங்கிங் சிஸ்டத்துல பற்றாக்குறை 3 லட்சம் கோடியைத் தொட்டுச்சு. ரெப்போ 6.50%ல மாறாமத்தான் இருந்துச்சு, ஆனா பணம் கிடைக்கிற கஷ்டம் கூடிட்டே போச்சு. வெளிய பாத்தா ஆர்பிஐ சும்மா இருக்கு, உள்ள டைட் ஆயிட்டு இருக்கு. நிஃப்டி அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் தொடர்ந்து அஞ்சு மாசம் இறங்குச்சு, 1996க்கு அப்புறம் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஸ்மால்கேப் இண்டெக்ஸ் உச்சத்துலேர்ந்து 20%க்கு மேல அடி.

திருப்பம் எங்க ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டா எல்லாரும் பிப்ரவரி 7ம்பாங்க. எனக்கு அது ஜனவரி 27. அன்னைக்குத்தான் 60,000 கோடிக்கு பாண்ட் வாங்குறோம், 56 நாள் கெடுவுல 50,000 கோடி கடன் தர்றோம், 5 பில்லியன் டாலருக்கு ஸ்வாப் பண்றோம் (டாலரை வாங்கிட்டு ரூபாய் கொடுத்து, பின்னாடி திருப்பி மாத்திக்கிறது)னு ஆர்பிஐ தண்ணியைத் திறந்து விட்டுச்சு. அதுக்கப்புறமும் மார்க்கெட் விழுந்துச்சு, மார்ச் 4ஆம் தேதி 22,000க்குக் கீழயும் எட்டிப் பாத்துச்சு. வாய்க்கால்ல விட்ட தண்ணி கடைமடைக்கு வர நாள் ஆகும்ல, அது மாதிரிதான். ஏப்ரல் 7ஆம் தேதி டிரம்ப் வரி பீதியில 21,743 தொட்டு அங்கேர்ந்து திரும்புச்சு.

ஸ்டெப் 5: பணம் எந்த செக்டர்ல குடி போகும்னு ஒரு மேப் போடுங்க

மார்க்கெட்டை விட்டே எல்லாப் பணமும் ஓடிடாது, மியூச்சுவல் ஃபண்ட் மேனேஜர் எஸ்ஐபி பணத்தை எங்கயாவது வச்சே ஆகணும், அதனால ஒரு வீட்டைக் காலி பண்ணி இன்னொரு வீட்டுக்குப் போவாங்க. அதுதான் ரொட்டேஷன்.

பேங்க்லேர்ந்து ஆரம்பிப்போம், என் தப்பும் அங்கதான். 2019 அக்டோபர் 1லேர்ந்து புது ஃப்ளோட்டிங் ரேட் ரீடெயில் கடனெல்லாம் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டிப்போடணும்னு விதி. ரெப்போ ஏறுனா மூணு மாசத்துக்குள்ள கடன் வட்டி ஏறிடும், ஆனா உங்க அப்பா போட்ட மூணு வருஷ எஃப்டி பழைய வட்டியிலயே கிடக்கும். இடைவெளி முழுக்க பேங்க் லாபம். ஆனா வட்டி ஏறுற காலத்துல முதல்ல ஒரு அடி விழும், ஏன்னா பேங்க் கையில இருக்குற பழைய பாண்ட் விலை இறங்கும்: 6% கூப்பன் (வருஷ வட்டி) உள்ள 10 வருஷ பாண்ட், யீல்டு 7.5% ஆனா 100 ரூபாய்லேர்ந்து 90க்கு வந்துடும். 2022 ஏப்ரல் ஜூன் காலாண்டுல எஸ்பிஐ லாபமே அதனால முந்தின வருஷத்தைவிடக் குறைஞ்சுச்சு. அந்த ஒரு காலாண்டைத் தாங்கிட்டா அடுத்து மார்ஜின் (கடன் வட்டிக்கும் டெபாசிட் வட்டிக்கும் நடுவுல உள்ள இடைவெளி) ஏறும், நான் அந்த ஒரு காலாண்டைத் தாங்கல.

வட்டி இறங்குறப்ப இது அப்படியே தலைகீழ். கடன் வட்டி உடனே குறையும், டெபாசிட் வட்டி மெதுவா குறையும், மார்ஜின் சுருங்கும். என்பிஎஃப்சி அந்தப் பக்கம்: வாகனக் கடன் மாதிரி நிலையான வட்டிக்கு ஏற்கனவே கொடுத்துட்டாங்க, வாங்குற கடன் மட்டும் மலிவாகும், அதனால குறைப்புச் சுழற்சியில அவங்க முதல்ல ஓடுவாங்க. புத்தகப்படி 2025ல பேங்க் திணறியிருக்கணும், ஆனா பேங்க் நிஃப்டி ஏப்ரல்லயே புது உச்சம் போச்சு. சிஆர்ஆர், லிக்விடிட்டி, விலை அதிகமில்லாம இருந்தது, திரும்பி வந்த எஃப்ஐஐ வாங்குற முதல் இடம் பேங்க்ங்கிறது எல்லாம் சேந்து மார்ஜின் கவலையை அமுக்கிடுச்சு. மேப்பை நம்புங்க, ஆனா ரோட்டையும் பாருங்க.

ஐடிக்கு ஆர்பிஐ மாமனார் வீட்டு ஆள் மாதிரி, நிஜ முதலாளி ஃபெட். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ரூபாய் விழுந்தா ஐடிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. 2013ல அது சரியா நடந்துச்சு. ஃபெட் பாண்ட் வாங்குறதைக் குறைக்கப் போறோம்னு அப்போ அதோட தலைவரா இருந்த பெர்னான்கி மே மாசம் வாயைத் திறந்ததுல ரூபாய் ஆகஸ்ட்ல 68 தாண்டுச்சு, ஆர்பிஐ ஜூலை 15 ராத்திரி எம்எஸ்எஃப் வட்டியை (பேங்க்குகள் அவசரத்துக்கு ஆர்பிஐகிட்ட வாங்குற கடனோட வட்டியை) ஒரே அடியா 2% ஏத்தி 10.25% ஆக்குச்சு, மறுநாள் பேங்க் பங்கெல்லாம் நொறுங்குச்சு. அந்த வருஷம் நிஃப்டி ஐடி 50%க்கு மேல ஏறுச்சு. 2022லயும் ரூபாய் 74லேர்ந்து 83 கிட்டப் போச்சு, ஐடி 26% விழுந்துச்சு. என்ன வித்தியாசம்? 2013ல அமெரிக்கப் பொருளாதாரம் எழுந்துட்டு இருந்துச்சு, கம்பெனிகள் ஐடிக்குச் செலவு பண்ண ஆரம்பிச்சாங்க, பங்கு விலையும் மலிவு. 2022ல ஃபெட் முக்கால் முக்கால் சதவீதமா நாலு தடவை வட்டியை ஏத்தி டிமாண்டையே அமுக்கிட்டு இருந்துச்சு, 2021ல ஐடி 60% கிட்ட ஏறி விலையும் உச்சத்துல. ரூபாய் ஒரே மாதிரி விழுந்தாலும் எதனால விழுதுங்கிறதுல எல்லாம் மாறிடுது.

ரியல் எஸ்டேட், வாகனம் ரெண்டும் கடன்ல ஓடுற வண்டி, வட்டிச் செய்தி வந்தா அன்னைக்கே துள்ளும், ஆனா விற்பனை நிலவரம்தான் கடைசியில ஜெயிக்கும். எஃப்எம்சிஜி (சோப்பு, பிஸ்கட் மாதிரி தினசரிப் பொருள் விக்கிற கம்பெனிகள்) பதுங்குகுழி. 2022ல எல்லாரும் பயந்துட்டு இருந்தப்ப ஐடிசி 50% கிட்ட ஏறுனது ஞாபகம் இருக்கும், வருஷக்கணக்கா அந்தப் பங்கை மீம் போட்டுக் கலாய்ச்ச அதே ஆளுங்கதான் வாங்குனாங்க. மெட்டலுக்கு டாலரும் சீனாவும்தான் அப்பா அம்மா.

எல்லாத்தையும் மத்திய வங்கி தலையிலயே கட்டிடாதீங்க. 2022 மே 21ல ஸ்டீல் ஏற்றுமதிக்கு அரசாங்கம் வரி போட்டதுல மெட்டல் விழுந்துச்சு, 2025 செப்டம்பர் 22லேர்ந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆனதுல ஆட்டோ ஓடுச்சு. ரெண்டுலயும் ஆர்பிஐக்கு வேலையே இல்ல.

ஸ்டெப் 6: ரொட்டேஷன் நிஜமா நடக்குதான்னு அளந்து பாருங்க

இதுக்கு காசு கொடுத்து சாஃப்ட்வேர் வேண்டாம், ஒரு ஷீட் போதும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை செக்டர் இண்டெக்ஸை நிஃப்டியால வகுத்து எழுதி வைங்க. உதாரணத்துக்கு பேங்க் இண்டெக்ஸ் 50,000, நிஃப்டி 25,000னா விகிதம் 2.00. மூணு வாரம் கழிச்சு நிஃப்டி 5% விழுந்து 23,750, பேங்க் 2% மட்டும் விழுந்து 49,000. விகிதம் 2.06. ரெண்டுமே இறக்கம்தான், போர்ட்ஃபோலியோ சிவப்புதான், ஆனா யாரோ பேங்க்கை விக்காம வச்சிருக்காங்க, இல்ல வாங்கிட்டே இருக்காங்க. கரெக்‌ஷன்ல நான் தேடுறது இந்த ஒண்ணைத்தான், விழுற மார்க்கெட்ல கம்மியா விழுறது எது. 2025 ஏப்ரல் 21ல பேங்க் நிஃப்டி 55,000 தாண்டி புது உச்சம் போனப்ப நிஃப்டி தன்னோட உச்சத்துக்கு 8% கீழ கிடந்துச்சு, அந்த விகிதத்தை எழுதிட்டு வந்தவனுக்கு அது ஆச்சரியமா இருந்திருக்காது.

ஒரு வார ஏத்தத்தை நம்பாதீங்க, குறைஞ்சது ஆறேழு வாரம் ஒரே திசையில போகணும். பாலிசி அன்னைக்கு மட்டும் துள்ளிட்டு மறுவாரம் பழைய இடத்துக்கே வர்றது ரியல் எஸ்டேட் பங்குகளோட பழக்கம்.

ஸ்டெப் 7: காசை நகர்த்துறது

செக்டர் மாத்தி மாத்திக் குதிக்கிறதுக்கு ஒரு செலவு இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 20% வரி, வருஷம் தாண்டுனா 1.25 லட்சத்துக்கு மேல இருக்குற லாபத்துக்கு 12.5%. 50,000 லாபத்துல இருக்குற பங்கை எட்டாவது மாசம் வித்து இன்னொண்ணுக்குப் போனீங்கன்னா 10,000 வரி, புதுப் பங்கு அந்த ஓட்டையை அடைச்சுட்டுத்தான் லாபம் பாக்க ஆரம்பிக்கும். அதனால நான் இருக்குறதை விக்கிறதைவிட, புதுசா போடுற காசைத் திருப்பிவிடுறதைத்தான் செய்யுறேன். மாசம் 15,000 போடுறேன்னா அதுல 10,000 எப்பவும் போல இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, 5,000 மட்டும் இந்த விகிதம் காட்டுற பக்கம். தப்பானாலும் குடும்பம் தெருவுக்கு வராது.

கரெக்‌ஷன்ல மொத்தமா இறக்க காசு வச்சிருந்தா 10% இறங்குனா மூணுல ஒண்ணு, 15%ல இன்னொண்ணு, மிச்சம் லிக்விடிட்டி திரும்புனது தெரிஞ்ச பிறகு. கடன் வாங்கியோ புரோக்கர் கொடுக்குற மார்ஜின் கடன்லயோ இதைப் பண்ணாதீங்க, 2008 தேதியைத் திரும்பப் பாருங்க.

ஸ்டெப் 8: காலண்டர்

வட்டியை முடிவு பண்ற ஆர்பிஐ கமிட்டியான எம்பிசி வருஷத்துக்கு ஆறு தடவை கூடும், தேதியெல்லாம் முன்னாடியே வந்துடும். ஆறு பேர், மூணு பேர் ஆர்பிஐ, மூணு பேர் வெளியாளு, சமமானா கவர்னருக்குக் கூட ஒரு ஓட்டு. காலையில 10 மணிக்கு அறிவிப்பு, 12 மணிக்கு பிரஸ் மீட். 10லேர்ந்து 10.30க்குள்ள எதையும் வாங்காதீங்க விக்காதீங்க, அந்த அரை மணி நேரம் மெஷினுங்க சண்டை. மாசம் 12ஆம் தேதி சிபிஐ (சில்லறை விலை) பணவீக்கம் வரும். இலக்கு 4%, மேலயும் கீழயும் 2% வரை போகலாம். 2022 ஏப்ரல்ல அது 7.79% போச்சு, 2025 அக்டோபர்ல 0.25%க்கு விழுந்துச்சு, அந்த டிசம்பர் 5ல ரெப்போ 5.25% ஆனதுக்குப் பின்னணி அதுதான்.

கூட்டம் முடிஞ்சு 14ஆவது நாள் மினிட்ஸ் (கூட்டத்துல யார் என்ன சொன்னாங்கங்கிற குறிப்பு) வெளியாகும், அன்னைக்கு எந்த சேனலும் கத்தாது. நான் அதுல முதல்ல பாக்குறது யார் எப்படி ஓட்டு போட்டாங்கன்னு. 2024 ஜூன்லயே ஆறுல ரெண்டு பேர், ஜெயந்த் வர்மாவும் அஷிமா கோயலும், வட்டியைக் குறைக்கணும்னு ஓட்டு போட்டாங்க, தோத்தாங்க, ஆகஸ்ட்லயும் அதே. அக்டோபர்ல வெளியாளுங்க மூணு பேரும் மாறிட்டாங்க, டிசம்பர்ல புதுசா வந்தவங்கள்லயும் ரெண்டு பேர் குறைக்கணும்னு நின்னாங்க. பிப்ரவரியில ஆறு பேரும் குறைக்கலாம்னு கை தூக்குனாங்க.